சைக்கிள் தேவையும் சில்லறை வணிகத்தில் வேலை வாய்ப்பும்

ஒரு பண்டத்தின் தேவை பெருகும்போது அதனால் விளையும் வேலை வாய்ப்பைத் தொழிற்சாலையின் வாயிலில் நின்று எண்ணுவதே பொதுவான வழக்கமாகும். ஆலையில் எத்தனை பேர் புதிதாகச் சேர்ந்தனர், எத்தனை உதிரிபாகப் பட்டறைகள் தோன்றின என்ற விவரங்கள் எளிதில் கிடைப்பவை. சைக்கிளைப் பொறுத்தவரை இந்த வழக்கம் பாதிக் கணக்கையே தருகிறது. சாதாரண சைக்கிள் ஆலையை விட்டுப் புறப்படும்போது சட்டமாகவும், சக்கர வளையமாகவும், கம்பிக் கட்டாகவும், பொட்டலங்களாகவும் புறப்படுகிறது. அது சைக்கிள் ஆவது கடையில்தான். அதன் பின்னர் பத்துப் பதினைந்து ஆண்டுகள் அதனை ஓடச் செய்வதும் ஏதோ ஒரு தெருமுனைக் கடையே. ஆகவே சைக்கிளின் தேவை எவ்வளவு வளர்ந்தது என்பதோடு, அத்தேவை எந்த வழியாகக் கடையை வந்தடைகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தாலன்றிச் சில்லறை வணிகத்தில் அது தோற்றுவிக்கும் வேலையை மதிப்பிட இயலாது.

தேவையின் வளர்ச்சி

நாடு விடுதலை பெறுவதற்கு முன் நம் சாலைகளில் ஓடியவை பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து இறக்குமதியான சைக்கிள்களே. துறைமுக நகரங்களில் இருந்த ஏஜெண்டுகளின் வழியாக அவை உள்நாட்டு ஊர்களுக்குச் சென்றன. விடுதலைக்குப் பின் நிலைமை விரைந்து மாறியது. சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கப்பட்டது. சோனிப்பட்டில் அட்லஸ் 1951இல் தோன்றியது. வங்காளத்தின் ஆசன்சோலில் சென்-ராலே ஆலை 1950களின் தொடக்கத்தில் எழுந்தது. 1950-51இல் நாட்டின் சைக்கிள் உற்பத்தி சுமார் 1 லட்சமாக இருந்தது. 1960-61இல் அது 10 லட்சத்தைத் தாண்டியது. ஐந்தாண்டுத் திட்டங்களின் தொடக்கக் காலத்தில் இவ்வளவு வேகமாக வளர்ந்த நுகர்வுப் பொருள் தொழில்கள் சிலவே. இன்று ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட சைக்கிள்களை உற்பத்தி செய்து, சீனாவுக்கு அடுத்தபடியாக உலகில் இரண்டாம் இடத்தில் இந்தியா உள்ளது.

இத்தொழிலின் தலைநகர் லூதியானா. அங்குள்ள ஹீரோ சைக்கிள்ஸ் நிறுவனத்தின் வரலாறு இக்கட்டுரையின் பொருளோடு நேரடித் தொடர்பு உடையது. அதனைத் தோற்றுவித்த முஞ்சால் சகோதரர்கள் 1944இல் அமிர்தசரஸில் சைக்கிள் உதிரிபாக வணிகத்திலேயே முதலில் இறங்கினர். லூதியானாவுக்குக் குடியேறி, 1956இல் முழு சைக்கிள் உற்பத்தியைத் தொடங்கினர். உலகிலேயே மிக அதிக சைக்கிள்களை உற்பத்தி செய்யும் நிறுவனம் என்று 1986இல் கின்னஸ் நூலில் அது இடம் பெற்றது. கடைதான் இங்கு ஆலைக்கு முன்னோடி.

மோட்டார் வாகனங்கள் பெருகிய பின் சைக்கிளுக்கு இனி வாழ்வில்லை என்ற கருத்து பல காலமாகக் கூறப்பட்டு வருகிறது. புள்ளிவிவரங்கள் அதை ஆதரிக்கவில்லை. 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சைக்கிள் உள்ள குடும்பங்கள் 43.7 சதவீதம், 2011இல் 44.8 சதவீதம். அதே பத்தாண்டுகளில் மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் போன்றவை உள்ள குடும்பங்கள் 11.7 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாக உயர்ந்தன. 2019-21இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் சைக்கிள் உள்ள குடும்பங்கள் பாதிக்குச் சற்று அதிகமாகவே காணப்பட்டன. மோட்டார் வண்டி வந்த வீட்டில் சைக்கிள் மறைந்துவிடவில்லை. குடும்பத் தலைவனின் கையிலிருந்து பிள்ளைகளின் கைக்கும் பெண்களின் கைக்கும் அது மாறியது என்று கொள்வதே பொருத்தம். இந்த மாற்றம் கடைக்காரரின் சரக்கையும் மாற்றியுள்ளது. 28 அங்குலச் சக்கரமும் குறுக்குப் பாரும் கொண்ட கறுப்புச் சைக்கிள் ஒன்றையே விற்றுக் காலம் தள்ளிய நிலை போய்விட்டது.

மாநிலங்களிடையே உள்ள வேறுபாடும் கருதத்தக்கது. மேற்கு வங்காளத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமான குடும்பங்களில் சைக்கிள் உள்ளது. நாகாலாந்து போன்ற மலை மாநிலங்களில் இது மிகக் குறைவு. கங்கைச் சமவெளியின் சமதளமும், அடர்ந்த மக்கள் தொகையும், குறைந்த வருமானமும் ஒன்றுசேர்ந்து அப்பகுதியை நாட்டின் மாபெரும் சைக்கிள் சந்தையாக ஆக்கியுள்ளன.

கடை என்னும் பாதிப் பட்டறை

சைக்கிள் ஏன் பகுதி பகுதியாக வருகிறது? காரணம் எளியது. முழுமையாகப் பூட்டிய சைக்கிளில் பெரும்பகுதி வெற்றிடம். லாரியில் காற்றை ஏற்றிச் செல்ல எவரும் வாடகை கொடுக்க விரும்புவதில்லை. சட்டங்களை அடுக்கிக் கட்டி, மட்கார்டுகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, கம்பிகளையும் பெடல்களையும் பெட்டியில் இட்டு அனுப்பினால் அதே லாரியில் பல மடங்கு சரக்குச் செல்லும். ரயில் கட்டணம், லாரி வாடகை ஆகியவற்றின் இந்த எளிய கணக்கே நாடு முழுவதும் சைக்கிள் கடைகளில் ஒரு தொழிலாளர் பிரிவைத் தோற்றுவித்தது. அவர்களே 'பிட்டர்' என்று அழைக்கப்படும் பூட்டுநர்கள்.

பழைய வகைச் சைக்கிள் ஒன்றில் முன் சக்கரத்துக்கு 32 கம்பிகளும் பின் சக்கரத்துக்கு 40 கம்பிகளும் உண்டு. எழுபத்திரண்டு கம்பிகளையும் ஒவ்வொன்றாக ஹப்பில் கோத்து, வளையத்தில் நிப்பிள் கொண்டு முறுக்கி, சக்கரத்தைச் சுழலவிட்டுக் கோட்டம் எடுக்க வேண்டும். ஒரு பக்கம் கம்பியை அரைச் சுற்று இறுக்கினால் மறுபக்கம் அதற்கேற்பத் தளர்த்த வேண்டும். இது கண்ணாலும் கையாலும் பழகிப் பெறும் திறமை; பாடநூலில் கற்பதன்று. பால்ரஸ் குண்டுகளைக் கிரீஸில் பதித்து அச்சைப் பூட்டும்போது இறுக்கம் மிகுந்தால் சக்கரம் சுழலாது, குறைந்தால் ஆடும். பிரேக் கம்பிகளைச் சரிசெய்தல், செயினின் தளர்வை அளத்தல், கேரியர், ஸ்டாண்டு, பூட்டு, மணி ஆகியவற்றை வாடிக்கையாளரின் விருப்பப்படி சேர்த்தல் என வேலை நீளுகிறது. இதற்குக் கூலி பெரும்பாலும் சைக்கிள் ஒன்றுக்கு இவ்வளவு என்ற கணக்கிலேயே வழங்கப்படுகிறது. பள்ளி திறக்கும் மாதங்களில் வேலை குவியும். மற்ற நாட்களில் பூட்டுநரே பழுதுபார்ப்பவராக மாறிவிடுவார்.

டெல்லியின் ஜண்டேவாலான், கல்கத்தாவின் பெண்டிங்க் தெரு ஆகியவை இவ்வணிகத்துக்குப் பேர்போனவை. இத்தகைய அங்காடிகளில் மொத்த வணிகரும் சில்லறை வணிகரும் அடுத்தடுத்து அமர்ந்திருப்பர். அங்கு வந்து சரக்கெடுக்கும் சிற்றூர்க் கடைக்காரர் சட்டத்தை ஒரு நிறுவனத்திடமும், வளையத்தை இன்னொரு பட்டறையிடமும், டயரை வேறொரு ஏஜெண்டிடமும் வாங்கித் தம் ஊரில் ஒரு சைக்கிளை உருவாக்குவதும் உண்டு. ஆலையின் பெயர்ப்பட்டயம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது கடைக்காரரின் தேர்வு. இவ்வகையில் அவரை விற்பனையாளர் என்பதைவிடச் சிறு உற்பத்தியாளர் என்பது பொருந்தும்.

இந்த வரிசையின் கடைசிப் படியில் இருப்பது பஞ்சர் கடை. ஒரு காற்றடிக்கும் பம்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி, சில திருகுசாவிகள், சொலூஷன் டப்பா, பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர்த் துண்டுகள், ஒரு மர நிழல்: இவையே அதன் முதலீடு. இவ்வளவு குறைந்த முதலீட்டில் ஒருவர் சொந்தத் தொழில் தொடங்கக்கூடிய துறைகள் நம் நாட்டில் அதிகம் இல்லை. வருவாயும் அதற்கேற்பச் சிறியதுதான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஆலையின் வேலை விற்பனையைப் பொறுத்தது. பஞ்சர் கடையின் வேலையோ ஏற்கெனவே விற்றுப்போன சைக்கிள்கள் அனைத்தையும் பொறுத்தது. சென்-ராலே ஆலை நலிவுற்று 1980இல் மத்திய அரசின் உடைமையாகி, பின்னர் மூடப்பட்டது. அங்கே செய்யப்பட்ட சைக்கிள்கள் அதன் பிறகும் வங்காளத்து ஊர்களில் ஓடின. அவற்றைப் பழுதுபார்த்தவர்களுக்கு வேலையும் இருந்தது.

ஒரு காலத்தில் ரயில் நிலையங்களையும் பேருந்து நிலையங்களையும் ஒட்டி மணிக்கணக்கில் சைக்கிள் வாடகைக்கு விடும் கடைகள் ஏராளமாக இருந்தன. சொந்தமாகச் சைக்கிள் வாங்கும் வசதி பெருகிய பின் அவை குறைந்துவிட்டன. தேவை வளரும்போது சில வேலைகள் அழிவதும் உண்டு என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

எண்ணிக்கையில் விழாத தொழில்

இத்தனை பேர் ஈடுபட்டுள்ள இத்தொழிலில் உண்மையில் எவ்வளவு பேர் வாழ்கின்றனர் என்று அரசு வெளியீடுகளில் தேடும் மாணவர் ஒரு தடையைச் சந்திப்பார். உலக நாடுகள் பின்பற்றும் தொழில் வகைப்பாட்டையொட்டி அமைந்த 2008ஆம் ஆண்டின் தேசியத் தொழில் வகைப்பாட்டில், சைக்கிளின் சில்லறை விற்பனை விளையாட்டுப் பொருள்கள், மீன்பிடிக் கருவிகள், படகுகள் ஆகியவற்றின் விற்பனையோடு ஒரே வகுப்பில் வைக்கப்பட்டுள்ளது. சைக்கிள் பழுதுபார்ப்பு இதனின்றும் பிரிந்து, வீட்டு உபயோகப் பொருள்களைப் பழுதுபார்க்கும் பணிகளின் கீழ் வருகிறது. மேலைநாட்டுக் கடைத்தெருவுக்கு இது பொருந்தலாம். பால் கறந்து நகரத்துக்குக் கொண்டு செல்பவரும், ஜார்க்கண்டில் நிலக்கரி மூட்டைகளை ஏற்றித் தள்ளிச் செல்பவரும் வாங்கும் சைக்கிளை விளையாட்டுப் பொருளாகக் கருத இயலுமா? பகலில் இரண்டு சைக்கிள் விற்று மாலை வரை எட்டுப் பஞ்சர் ஒட்டும் ஒரே மனிதர் எந்த வகுப்பில் சேர்வார் என்பது கணக்கெடுக்க வருபவரின் கேள்வி அமையும் விதத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது.

தோராயமாகவேனும் ஓர் அளவை அறிய வேறு வழியில் கணக்கிடலாம். 2011இல் நாட்டில் ஏறத்தாழ 24.67 கோடிக் குடும்பங்கள் இருந்தன. அவற்றில் 44.8 சதவீதம் என்பது சுமார் 11 கோடி. வீட்டுக்கு ஒரு சைக்கிள் என்றே குறைத்துக் கொள்வோம். ஒரு பழுதுபார்ப்பவர் பிழைப்பதற்கு 500 சைக்கிள்கள் வேண்டும் என்று ஒரு வாதத்துக்காக வைத்துக் கொண்டால், 2 லட்சத்து 20 ஆயிரம் பேருக்கு இடம் இருக்கிறது. 300 போதும் என்றால் தொகை 3 லட்சத்து 65 ஆயிரத்தைத் தாண்டும். விற்பனை, பூட்டுதல், மொத்த வணிகம் ஆகியவை இதில் சேரவில்லை. 500 என்ற எண் வெறும் அனுமானமே. ஒரு மாவட்டத்தில் கள ஆய்வு நடத்தும் மாணவர் முதலில் சரிபார்க்க வேண்டியதும் அந்த எண்ணைத்தான். மணற்பாங்கான சாலையும் தார்ச்சாலையும், கருவேல முள் நிறைந்த ஒற்றையடிப் பாதையும் அந்த எண்ணை வெவ்வேறாக மாற்றும்.

பீகார் தரும் பாடம்

அண்மைக் காலத்தில் சைக்கிள் தேவையைப் பெருக்கியதில் மாநில அரசுகளின் பள்ளி மாணவர் திட்டங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 2001-02இல் குறிப்பிட்ட பிரிவு மாணவியருக்கெனத் தொடங்கிய திட்டம், 2005-06 முதல் அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. பீகார் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கான திட்டத்தைத் தொடங்கியது. மேற்கு வங்காளத்தில் 2015இல் தொடங்கிய 'சபூஜ் சாத்தி' திட்டத்தின் கீழ் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சைக்கிள்கள் வழங்கப்பட்டுள்ளன.

நோக்கம் எல்லா இடங்களிலும் ஒன்றே. வழிதான் வேறு. தமிழ்நாடும் வங்காளமும் ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக வாங்கிப் பள்ளிகளில் வழங்கின. பீகாரோ மாணவியின் கையில் 2,000 ரூபாயைக் கொடுத்து, சைக்கிள் வாங்கியதற்கான ரசீதைக் காட்டச் சொன்னது. இத்தொகை பின்னர் 2,500 ஆகவும் 3,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. மாணவருக்கும் திட்டம் விரிவடைந்தது.

பீகார் திட்டத்தின் கல்விப் பயனைக் கார்த்திக் முரளிதரன், நிஷீத் பிரகாஷ் ஆகிய பொருளியலறிஞர்கள் அண்டை மாநிலமான ஜார்க்கண்டோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர். உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவியரின் அளவு 32 சதவீதம் உயர்ந்ததென்றும், ஆண், பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்ததென்றும் அவர்கள் கண்டனர். பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிராமங்களிலேயே பயன் மிகுதியாக இருந்தது. மைத்ரீஷ் கட்டக் முதலியோர் பின்னர் நடத்திய கள ஆய்வில், தொகை பெற்ற குடும்பங்கள் ஏறத்தாழ அனைத்தும் அதைச் சைக்கிளுக்கே செலவிட்டது தெரிய வந்தது. கையில் பணம் கொடுத்தால் வீணாகும் என்ற அச்சம் இங்கு பொய்த்தது. தொகை போதாதபோது பெற்றோர் தம் பணத்தையும் சேர்த்து வாங்கினர்.

கல்வித் துறையின் நோக்கில் பேசப்பட்ட இத்திட்டத்துக்கு வணிக நோக்கில் மற்றொரு முகம் உண்டு. மாணவி பெற்ற 2,000 ரூபாயைச் செலவிடும் இடம் அருகிலுள்ள சந்தை ஊரின் சைக்கிள் கடையே. வாங்கும் சைக்கிளைப் பூட்டுபவர் அந்த ஊர்ப் பூட்டுநர். விற்பனையின் இலாபம் அந்த ஊர்க் கடைக்காரருடையது. ரசீது வேண்டும் என்ற விதி, பில் புத்தகம் வைத்திராத கடையையும் அதை வைக்கத் தூண்டுகிறது. ஒரே மாதத்தில் ஒரு வட்டாரத்தின் பள்ளிகளிலிருந்து நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர் வந்தால், கடைக்காரர் ஓர் ஆளையேனும் கூடுதலாக வைத்தாக வேண்டும். ரசீது முறைக்கு அதற்கே உரிய குறையும் உண்டு. சைக்கிள் வாங்காமலே ரசீது வாங்கும் வழியை மனிதர் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. இருப்பினும், தேவை வளர்ந்த அதே ஊரிலேயே வேலையும் வளர இம்முறை இடமளிக்கிறது.

ஒப்பந்தப்புள்ளி முறையில் பயணம் வேறாகிறது. ஆலையிலிருந்து சரக்கு நேரே மாவட்டத்துக்கு வருகிறது. பள்ளி வளாகத்திலேயே ஒப்பந்ததாரரின் ஆட்கள் சில நாட்கள் தங்கிப் பூட்டி முடித்து அடுத்த பள்ளிக்குச் செல்கின்றனர். உள்ளூர்க் கடைக்காரருக்கு இதில் பங்கில்லை; மாறாக, தம்மிடம் வாங்கியிருக்கக்கூடிய வாடிக்கையாளரை அவர் அந்த ஆண்டு இழக்கிறார். விரைவில் முடிக்கும் அவசரத்தில் பூட்டிய சைக்கிளில் திருகுகள் தளர்ந்திருப்பதும் கோட்டம் சரியாக எடுக்கப்படாதிருப்பதும் இயல்பு. புதுச் சைக்கிளைப் பெற்ற மாணவர் முதலில் செல்லும் இடம் பழுதுபார்க்கும் கடை என்பது பள்ளி ஆசிரியர் பலர் அறிந்த செய்தி.

எனினும் ஒப்பந்தப்புள்ளி முறையை முற்றிலும் குறை கூறுவது நியாயமாகாது. மொத்தக் கொள்முதலில் விலை குறைகிறது. கடையே இல்லாத ஒதுக்குப்புற ஊர்ப் பள்ளிக்கும் சைக்கிள் போய்ச் சேர்கிறது. தவிர, வழங்கப்பட்ட ஒரு கோடிச் சைக்கிள்களுக்கும் டியூபும் டயரும் பிரேக் கட்டையும் தேவைப்படும். விற்பனையில் இழந்ததைப் பழுதுபார்ப்பில் கடை ஓரளவு மீட்கிறது. ஆனால் மீட்பவர் வேறொருவராக இருக்கலாம். விற்பனைக் கடை நடத்துபவரின் இழப்பு பஞ்சர் கடைக்காரரின் வரவாகிறது. வருவாய் மிகுந்த வேலை குறைந்து வருவாய் குறைந்த வேலை பெருகுகிறது என்பதை வேலை வாய்ப்பின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் கவனிக்கத் தவறிவிடுவர்.

அரசின் நேரடி மானியம் ஏதுமின்றியே தேவையைப் பெருக்கிய நிகழ்ச்சியும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் பகுதியாக, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால், ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. கடைகளில் பெண்களுக்கான சைக்கிள் போதாமற் போகவே, பலர் ஆண்களுக்கான சைக்கிளையே ஓட்டினர். அங்கே பணம் கடை வழியாகவே சென்றது; தேவையைத் தூண்டியது எழுத்தறிவு இயக்கம்.

கடனும் பயிற்சியும்

1979இல் தொடங்கிய கிராமப்புற இளைஞர் சுயவேலைப் பயிற்சித் திட்டமும், ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டமும் நடைமுறையில் இருந்த காலத்தில், சைக்கிள் பழுதுபார்ப்பு கடன் பெறும் தொழில்களுள் ஒன்றாக விளங்கியது. கருவிப் பெட்டியும் சிறு கடனும் கொடுத்தால் ஓர் இளைஞர் பிழைத்துக் கொள்வார் என்பது அன்றைய எண்ணம். ஊரில் எத்தனை சைக்கிள்கள் ஓடுகின்றன என்று எண்ணாமல் ஒரே ஊரில் மூவருக்குக் கடன் கொடுத்தால் மூவருமே நலிவர் என்பதை அறிய ஆய்வு எதுவும் தேவையில்லை.

இன்றைய திட்டங்களில் சைக்கிள் கடைக்குரிய இடம் தெளிவாக இல்லை. 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் 'சிசு' பிரிவின் கீழ் 50,000 ரூபாய் வரை கடன் பெறலாம். சிறு கடைக்காரருக்கு இது பயன்படும். 2023இல் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் கொல்லர், பூட்டுச் செய்பவர், தையற்காரர், சலவைத் தொழிலாளர் உட்பட 18 தொழில்களுக்குப் பயிற்சியும் கருவிகளுக்கான உதவியும் கடனும் வழங்குகிறது. சைக்கிள் பழுதுபார்ப்பு அந்தப் பட்டியலில் இல்லை. மரபுத் தொழில் என்ற வரையறைக்குள் அது வரவில்லை என்று கூறலாம். ஆனால் மூன்று தலைமுறையாகத் தந்தையிடமிருந்து மகன் கற்று வரும் தொழில் மரபாவதற்கு இன்னும் எத்தனை தலைமுறை வேண்டும் என்று கேட்கவும் இடமுண்டு.

பயிற்சியைப் பற்றிப் பேசும்போது விரும்பத்தகாத உண்மை ஒன்றையும் கூறியாக வேண்டும். இத்தொழிலில் பயிற்சி என்பது பல இடங்களில் சிறுவனை எடுபிடியாக அமர்த்திக் கொள்வதாகவே இருந்து வந்துள்ளது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி 14 வயதுக்கு உட்பட்டவரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு உண்டு. சைக்கிளில் பள்ளி செல்ல வேண்டிய வயதினன் சைக்கிள் கடையில் அமர்ந்து டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் கொண்டிருந்தால் அதை வேலை வாய்ப்பு என்று கணக்கில் சேர்ப்பதற்கில்லை. பெண்கள் சைக்கிள் வாங்குவோராகப் பெருகியுள்ள அளவுக்குப் பூட்டுநராகவோ பழுதுபார்ப்பவராகவோ வரவில்லை என்பதும் உண்மை.

புதிய சரக்கு, புதிய திறமை

2020ஆம் ஆண்டின் ஊரடங்கு தளர்ந்தபோது சைக்கிள் விற்பனை எதிர்பாராத அளவுக்கு உயர்ந்தது. அனைத்திந்திய சைக்கிள் உற்பத்தியாளர் சங்கத்தின் விவரப்படி மே மாதத்தில் சுமார் 4.5 லட்சமாக இருந்த விற்பனை செப்டம்பரில் 11 லட்சத்தைத் தாண்டியது. 5 மாதங்களில் 41 லட்சத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்கள் விற்றன. வாங்கியவர்களில் பலர் முன்பு சைக்கிளைத் தேடாத நகரத்து நடுத்தர வகுப்பினர். விரும்பிய மாதிரி கிடைக்க வாரக்கணக்கில் காத்திருந்தோரும் உண்டு. அந்த அலை பின்னர் அடங்கியது. ஆனால் கியர், டிஸ்க் பிரேக் ஆகியவை பொருந்திய சைக்கிள்களும், மின்கலம் பொருந்திய சைக்கிள்களும் கடைகளில் நிலைத்துவிட்டன.

இவை கடைக்காரருக்குப் புதிய வாய்ப்பும் புதிய சோதனையும் ஆகும். கம்பி கோத்துக் கோட்டம் எடுக்கும் கை கியர் மாற்றியின் நுட்பத்தைப் பழக நாளாகாது. ஆனால் யாராவது ஒருமுறை காட்டிக் கொடுக்க வேண்டும். மின்கலமும் மோட்டாரும் கொண்ட சைக்கிளுக்கு அடிப்படை மின்னறிவும் வேண்டும். இணையம் வழியாக விற்கும் நிறுவனங்கள் '85 சதவீதம் பூட்டிய' சைக்கிளை அட்டைப் பெட்டியில் வீட்டுக்கே அனுப்புகின்றன. மீதி 15 சதவீதத்தில்தான் ஹாண்டில் பார், பெடல், முன் சக்கரம், பிரேக் ஆகிய உயிர் காக்கும் பகுதிகள் அடங்குகின்றன. வாங்கியவர் பெட்டியைத் தூக்கிக் கொண்டு தெருமுனைக் கடைக்கு வருகிறார். தம்மிடம் வாங்காத சைக்கிளைத் தொட மாட்டேன் என்று திருப்பி அனுப்பும் கடைக்காரரும் உண்டு. பூட்டுதற் கூலியைத் தனிக் கட்டணமாக வகுத்து அதையே ஒரு வருவாயாக்கிக் கொண்டவரும் உண்டு. விற்பனை கைவிட்டுப் போனாலும் பூட்டுதல் கையில் நிற்கும் என்பதை உணர்ந்தவர் இரண்டாமவரே.

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரிபாகங்களுக்கும் சரக்கு, சேவை வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இதனால் விலை இறங்கித் தேவை உயருமாயின் அதன் பயன் முதலில் தெரிவது கடைகளில்தான். மாநில அரசுகள் ஒப்பந்தப்புள்ளி முறையைத் தொடர்வதாயினும் கடையை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. சைக்கிளுடன் மாணவருக்கு முதல் ஆண்டில் இரு முறை பழுதுபார்ப்புக்கான சீட்டுகளை வழங்கி, அவற்றை வட்டாரத்தில் பதிவு செய்துகொண்ட கடைகளில் செலுத்தச் செய்யலாம். கடைக்காரர் சீட்டுகளைத் திரட்டிப் பள்ளித் தலைமை ஆசிரியரின் கையொப்பத்துடன் கல்வி அலுவலகத்தில் கொடுத்தால், தொகை அவரது வங்கிக் கணக்கில் சேரும். பதிவு செய்த கடைகளின் பட்டியலே அந்த வட்டாரத்தின் சைக்கிள் தொழிலில் எத்தனை பேர் உள்ளனர் என்ற கணக்கையும் தந்துவிடும்.